பாகிஸ்தானுக்குப் போன கப்பல்

உம்மு ஹபீபாவின் வீடு பறிபோகப் பார்த்ததற்கு முதல் காரணம் நான்தான். ஜப்பான்காரன், வெள்ளைக்காரன், டில்லி, கராச்சி எல்லோரும் எனக்கு அப்புறம் வந்தவர்கள். இதை எந்த மனுவிலும் நான் எழுதினதில்லை. எழுதினால் மனு தள்ளுபடியாகிவிடும்.

என் பெயர் பூமிநாதன். ஊர் திருப்புல்லாணி. ராமநாதபுரம் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறேன். யுத்தத்துக்கு முன்னால் கீழக்கரையில் வீட்டு வரிக் குமாஸ்தாவாக இருந்தேன். முப்பத்தெட்டாம் வருஷம் வரிப் பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. பெரியவர்களை உட்கார வைத்து வாயால் சொல்வதோடு சரி, நெய்ச்சோறு தின்ற ஊர் முழுக்கச் சாட்சி.

எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும், தெரு முழுக்கப் பெண்பிள்ளைகள் பெயரில் வீடு எழுதிக்கொண்டு போய் நின்றால் மேலதிகாரி என்னைப் பைத்தியக்காரன் என்பாரே என்று பயந்து, வரிசையாக மாப்பிள்ளைமார் பெயரை எழுதிக்கொண்டு போனேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வீடு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும், சர்க்காருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படித்தான் உம்மு ஹபீபாவின் வீடு அவள் புருஷன் சுஐபு பெயருக்கு வந்தது.

சுஐபு சங்கு குளிக்கிறவர். ஒரே மூச்சில் பத்துப் பாகம் இறங்கிச் சங்கோடு ஏறி வருவார். பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற அளவு. யுத்தம் வந்ததும் சங்கு எடுப்பு மந்தமாகிவிட்டது. கடற்படைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் சுஐபின் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்கு நெருப்புத் தள்ளுகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரில் பிழைத்தவரை நெருப்பில் போடுவதுதான் சர்க்காரின் ஆள் தேர்வு.

கப்பலின் பெயர் ‘வைகை’. நிஜ வைகை எங்கள் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், கடலை எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பெயரைத் தூக்கிக் கப்பலுக்கு வைத்தவன் எவனோ, அவனுக்குத் தேசப்படம் மட்டும் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் சிலோன் பக்கம் வந்து குண்டு போட்டபோது, எங்கள் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடலில் ஒரு கரும்புகை தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. மேல்தட்டில் இருந்த துரைமார்கள் படகில் ஏறித் தப்பி, சிலோன் போய், அங்கிருந்து சீமைக்குப் போனார்கள் என்று பிற்பாடு கேள்வி. நாலாம் நாள் பத்திரிகையில் செய்தி வந்தது. எதிரி விமானங்கள் பதினொன்று வீழ்த்தப்பட்டன. நம் தரப்பில் ‘வைகை’ என்ற சிறு கப்பலுக்கு லேசான சேதம். யுத்த காலத்தில் நம் கப்பல் எதுவும் மூழ்காது. மூழ்கினால் ஜனங்களின் மனோதைரியமும் கூடவே மூழ்கிவிடும் என்று மேலே இருந்தவர்களுக்குப் பயம்.

உம்மு ஹபீபாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். ‘தங்கள் கணவர் பணியில் இருக்கிறார். யுத்த நிமித்தம் இருப்பிடம் சொல்வதற்கில்லை’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை.

லேசான சேதம் அடைந்த கப்பலை என்ன செய்வார்கள்? பழுது பார்ப்பார்கள். ஆகவே ‘வைகை’ பழுது பார்க்கப்படும் கப்பல்களின் ஜாபிதாவில் ஏறியது. ஐந்து வருஷம் அந்த ஜாபிதாவிலேயே கிடந்தது. எந்தத் துறைமுகத்தில், எந்தக் கொல்லன் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நாற்பத்தேழு வந்தது. நாற்காலி, மேசை, டைப் மிஷின், பீரங்கி எல்லாவற்றையும் இரண்டு பங்காக்கினார்கள். கப்பல்களையும் பங்கு வைத்தார்கள். நம் பக்கத்துக் குமாஸ்தா ஓட்டைக் கப்பலைத் தள்ளிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டிருப்பான்; அந்தப் பக்கத்துக் குமாஸ்தா ஒரு கப்பல் கூடுதலாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பான். இப்படியாக, எங்கள் கடலுக்கு அடியில் கிடந்த ‘வைகை’ பாகிஸ்தானுக்குப் போனது.

கப்பல் போனால் அதில் ‘பணியில் இருக்கிற’ ஆளும் போகத்தானே வேண்டும்? அதுவும் பெயர் சுஐபு. பெயருக்கு எதிரே ‘பாகிஸ்தான்’ என்று டிக் போட்டுவிட்டார்கள்.

ஐம்பத்தொன்றில் உம்மு ஹபீபா ஒரு நோட்டீஸோடு தன் தம்பி மதாரை என்னிடம் அனுப்பினாள். நாட்டை விட்டுப் போனவர்களின் சொத்தைக் கவனிக்க ஓர் இலாகா வைத்திருந்தார்கள். அதன் பெயரைச் சொன்னால் என்னிடமே விளக்கம் கேட்பார்கள், வேண்டாம். ‘பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்த சுஐபு என்பவருக்குச் சொந்தமான வீட்டைச் சர்க்கார் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?’ என்று கேட்டிருந்தது நோட்டீஸ். ஆதாரம் என்ன என்று பார்த்தேன். வரிப் பதிவேடு, முப்பத்தெட்டாம் வருஷம், பூமிநாதன் கையெழுத்து.

விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். வெயிலில் கறுத்து, எரிச்சலோடு இருந்தார். நானும் மதாரும் முற்றத்தில் நின்றோம். உம்மு ஹபீபா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

“உம்ம புருஷன் கடைசியா எப்ப லெட்டர் போட்டாரு?” என்றார்.

“கடலுக்குள்ள தபாலாபீசு இல்லைங்களே” என்று குரல் வந்தது.

“கராச்சியில எந்தத் தெருவுல இருக்காரு?”

“அது தெரிஞ்சா நான் இங்கன ஏன் உக்காந்திருக்கேன்? போய்க் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டனா?”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். ‘மனைவிக்குப் பாகிஸ்தான் போகும் உத்தேசம் உண்டு’ என்று அது பிற்பாடு ரிக்கார்டில் வந்தது.

நான் முன்னால் போய், பதிவேட்டில் பெயர் தப்பாக எழுதினது நான்தான், வீடு இந்தப் பெண்ணுடையது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயரை மாற்ற வேண்டுமானால் பதிவேட்டில் உள்ள ஆள் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஆள் செத்திருந்தால் செத்ததற்குச் சான்று வேண்டும் என்றார். கப்பல் மூழ்கிச் செத்தார் என்றேன். கப்பல் மூழ்கினதற்குச் சான்று எங்கே என்றார். அவர் கையில் இருந்த ஒரே சான்று ‘லேசான சேதம்’.

“இன்னும் அஞ்சு மாசம் டைம் தாரேன். அதுக்குள்ள கப்பல் முங்கினதா ஒரே ஒரு சர்க்கார் காகிதம் கொண்டாங்க. இல்லாட்டி வீட்டைப் பூட்டிச் சீல் வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல” என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. காகிதம் கேட்கிறவர், அவ்வளவுதான்.

உம்மு ஹபீபாவுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. உம்மாவும் வாப்பாவும் இறந்துவிட்டார்கள். மதார் இருப்பது அவன் மனைவி வீட்டில். அங்கே அவனே விருந்தாளி மாதிரி. அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் என்னிடம், “நீங்கதானண்ணே எழுதுனீக? நீங்களே அழிச்சுக் குடுங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சர்க்காருக்குத்தான் கப்பல் மூழ்கினது தெரியாது. எங்கள் கடலில் சங்கு குளிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும், அடியில் ஓர் இரும்புக் கப்பல் கிடப்பது தெரியும். கடலுக்கு அடியில் உள்ள கல்திட்டைப் பார் என்பார்கள். அந்த இடத்துக்குக் கப்பல்பார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். களவா மீன் அங்கே ஆள் உயரத்துக்குக் கிடக்குமாம். ஆனால் கப்பலை ஒருவரும் தொட்டதில்லை. சங்கு லைசென்ஸில் சங்கைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அது யாருடைய கப்பல் என்று கிட்டப் போய்ப் பார்க்கவும் ஒருவருக்கும் மனசு வரவில்லை. வீட்டில் பெண்கள் கேட்டால் அது எங்கேயோ ஆழத்தில் கிடக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். மதாரும் அப்படித்தான் மாற்றி வந்திருக்கிறான்.

“கப்பல்ல பேரு எங்கன எழுதிருக்கும்ணே?” என்று இப்போது அவனே என்னிடம் வந்து கேட்டான்.

“மணியில எழுதிருக்கும். எல்லாக் கப்பல்லயும் ஒரு வெங்கல மணி இருக்கும்.”

அவனுக்குத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். இங்கிலீஷ் எழுத்தைக் கடற்கரை மணலில் பெரிதாகக் கீறிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அதைத் தடவித் தடவிப் பழகினான். பாசியும் சிப்பியும் அப்பிக் கிடக்கும், கண்ணால் பார்த்து ஆகாது, கையால்தான் படிக்க வேண்டும் என்றான். ஆறு நாள் போய் வந்தான். ஏழாம் நாள் மத்தியானம் மணியைக் கயிற்றில் கட்டிக் கரைக்குக் கொண்டு வந்துவிட்டான். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தேன். என் வாழ்நாளில் எந்த எழுத்தையும் அவ்வளவு ஆசையோடு படித்ததில்லை. வைகை.

மணியை மாட்டு வண்டியில் ஏற்றி, வைக்கோல் போட்டு மூடி, ராமநாதபுரத்தில் விசாரணை அதிகாரி முகாம் போட்டிருந்த இடத்துக்குக் கொண்டு போனோம். பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“இது எந்தக் கப்பல் மணி?”

“வைகை எசமான்.”

“வைகை யாரோட கப்பல்?”

மதார் என்னைப் பார்த்தான். நான் மணியைப் பார்த்தேன். ரிக்கார்டுப்படி அது பாகிஸ்தான் சர்க்காரின் கப்பல்.

“அன்னிய தேசத்துச் சொத்தைக் கொண்டாந்து என் மேசையில வைக்கிறியே, எனக்குப் பிள்ளகுட்டி இருக்குய்யா” என்று அலறி, சுங்க இலாகாவுக்கு ஆள் அனுப்பினார்.

சுங்க இன்ஸ்பெக்டர் கூத்தையா வந்தார். எங்கள் கரையில் சில்லறைக் கள்ளக்கடத்தல் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போனவர். பட்டுச் சேலை, கிராம்பு, சோப்பு. பிரமோஷன் தருகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. இப்போது பாகிஸ்தான் போர்க்கப்பலின் உறுப்பு அகப்பட்டிருக்கிறது. மணியைச் சுற்றி மூன்று முறை வந்தார். பிறகு மதாரின் கையைப் பிடித்தார். பர்மிட் இல்லாமல் பாகிஸ்தானிலிருந்து பித்தளைச் சாமான் இறக்குமதி செய்ததாக வழக்கு. வெண்கலம் என்று நான் சொன்னேன். என்னையும் உள்ளே தள்ளிவிடுவதாகச் சொன்னார்.

ஜாமீனில் மதாரை எடுத்தோம். வக்கீல் ஒருவர் வந்தார், கெட்டிக்காரர். “கவலய விடு. கொழும்புல பழைய சாமான் கடையில வாங்குனதுன்னு சொல்லிரு. கப்பலப் பார்க்கவே இல்லன்னு சொல்லு. ஒரே நாள்ல வெளிய கொண்டாந்துர்றேன்” என்றார்.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குற்றப்பத்திரிகையைப் படித்தேன். இரண்டாவது பக்கத்தில் கூத்தையா தன் வீரத்தை விரிவாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி, ‘மேற்படி எதிரி மதார், கடலில் மூழ்கிக் கிடக்கும் மேற்படி வைகை என்ற கப்பலுக்குள் புகுந்து’ என்று இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி உட்கார்ந்து படித்தேன். மூழ்கிக் கிடக்கும். முத்திரை போட்ட சர்க்கார் காகிதத்தில், பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ‘வைகை’ மூழ்கியிருந்தது.

ஆனால் குற்றப்பத்திரிகை ஒரு இன்ஸ்பெக்டரின் பேச்சுதான். அது தீர்ப்பில் ஏற வேண்டும். மதார் விடுதலையானால், கப்பல் மறுபடியும் மிதக்க ஆரம்பித்துவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன், சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் நெடுநேரம் யோசிக்கவில்லை.

“செயிலுக்குள்ள எத்தன மாசம் போடுவாக?”

“மூணு, நாலு இருக்கும்.”

“சங்கு சீசன் தொடங்குறதுக்குள்ள வந்திருவேன்ல? சரி” என்றான்.

கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் வயசானவர், நல்ல மனுஷன். அதுதான் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. வழக்கைப் படித்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குற்றத்தை ஒப்புக்கொள்றியா?”

“ஒத்துக்கிர்றேன் எசமான். முங்கிக் கெடக்குற கப்பலுக்குள்ள போயித்தான் எடுத்தேன். ஒம்பது பாகம் தண்ணி. அதையும் எழுதச் சொல்லுங்க.”

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“முதல் தப்பு. எச்சரித்து விட்டுவிடலாம்” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“வேணாம் எசமான்! அப்பிடி விட்டுறாதீக” என்று மதார் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “எச்சரிக்கையின்னா ஒத்த வரியில முடிச்சிருவாகளாம். தண்டனையின்னாத்தான் கப்பல் முங்குன விவரம் எல்லாம் எழுதுவாகளாம். பூமிநாதண்ணன் சொல்லிருக்காக.”

கோர்ட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. கூத்தையாவை நோக்கி, “கப்பல் மூழ்கித்தான் கிடக்கிறது என்று நீர் பிரமாணமாகச் சொல்கிறீரா?” என்று கேட்டார். கூத்தையா நெஞ்சை நிமிர்த்தி, “பிரமாணமாக! நானே படகில் போய், இரண்டு ஆளை இறக்கிப் பார்த்து உறுதி செய்தேன்” என்றார். பாவம், அந்தப் பதில் எதற்கு உதவப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

பிறகு மாஜிஸ்ட்ரேட் மதாரிடம், உள்ளே என்ன பார்த்தாய், விவரமாகச் சொல் என்றார். மதார் சொன்னான். சொன்னது எல்லாம் தீர்ப்பில் ஏறியது. மூன்று மாதம் வெறுங்காவல். ஜெயிலுக்குப் போகும்போது ஒரு மனுஷன் அவ்வளவு பெரிய கும்பிடு போட்டு நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு நகலை விசாரணை அதிகாரியிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். கடைசியில், கப்பல் மூழ்கினது ஒப்புக்கொள்ளப்படுகிறது, சுஐபு இறந்தது ஒப்புக்கொள்ளப்படுகிறது, நோட்டீஸ் ரத்து, வீட்டை உம்மு ஹபீபா பெயருக்கு மாற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி மட்டும் கோர்ட் கிடங்கில் இருக்கிறது. அதைப் பாகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று டில்லிக்கு எழுதியிருக்கிறார்களாம்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் கீழக்கரைக்கு ஓடினேன். முற்றத்தில் நின்று, “தங்கச்சி, வீடு உன்னோடதாயிருச்சு!” என்று கத்தினேன். திரைக்குப் பின்னாலிருந்து, “அல்ஹம்துலில்லா” என்றாள். பிறகு, “தீர்ப்புல என்னதான் எழுதியிருக்கு? முழுசா வாசிங்கண்ணே” என்றாள்.

இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டுத் தாண்டினேன். மனு எழுதுகிறவனுக்கு எதை விட வேண்டும் என்று தெரியும்.

“எத்தன பாகம்னு சொன்னீக?”

“ஒம்பது.”

“ஒம்பது பாகமா?” குரல் மாறிவிட்டது. “நான் அம்பது, நூறுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒம்பது பாகம் அவுகளுக்கு ஒரு மூச்சுண்ணே. சங்குப் பையோட ஏறி வந்திருவாக. கப்பல் முங்குனா என்ன, அவுக நீந்தி எங்கிட்டாச்சும் கரை ஏறியிருப்பாகன்னுதான் இருந்தேன். ஆபீசருக்கு முன்னாடி கடலுக்குள்ள போயிட்டாக, மௌத்தாயிட்டாகன்னு வாயாலதான் சொன்னேன். ஒம்பது பாகத்துல இருந்து அவுக ஏன் ஏறி வரல?”

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

“எதையோ விட்டுட்டு வாசிச்சீக. சொல்லுங்க.”

சொன்னேன். வேறு என்ன செய்ய? நெருப்புத் தள்ளுகிற அறையின் இரும்புக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்ததாக மதார் சாட்சி சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் மற்ற தட்டுக்கு ஏறாமல் இருக்க, அடித்தட்டுக் கதவை மேலே இருப்பவர்கள் அடைத்துவிடுவது கப்பல் சட்டமாம், அதையும் சொன்னேன். சட்டம் என்ற வார்த்தை என் வாயில் கசந்தது.

அவள் அழுகிற சத்தம் வரவில்லை. என் பேனாவையும், பத்திரிகையில் ‘லேசான சேதம்’ என்று எழுதினவன் பேனாவையும், டிக் போட்டவன் பேனாவையும் ஒன்றாகக் கட்டிக் கடலில் எறிய வேண்டும் போல் இருந்தது.

“தீர்ப்பு வந்தப்பவே பள்ளிவாசல் லெப்பைகிட்ட கேட்டனுப்புனேன்” என்றாள் கடைசியில். “மௌத்தான நாள்ல இருந்துதான் கணக்காம். நாலு மாசம் பத்து நாள் வீட்டோட நான் துக்கம் இருக்க வேண்டிய இத்தா பத்து வருசத்துக்கு முந்தியே முடிஞ்சு போச்சாம். வெள்ளிக்கிழமை பள்ளியில அவுகளுக்கு ஜனாஸாத் தொழுகை தொழுவாக. நான் செய்யுறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்.”

காகிதத்தை முற்றத்துப் பலகையில் வைத்து, மேலே ஒரு செங்கலை வைத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி, வழக்கம்போலக் கதவை இழுத்துச் சாத்தப் போனேன்.

“அண்ணே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “கதவச் சாத்தாதீக. தொறந்தே கெடக்கட்டும்.”

கையை எடுத்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தேன்.